கொயினாக் காலமும் இனிப்புநீர்க் காலமும்

தோட்டத்துப் பாட்டாளி எதனால் சாகிறான்? நம் பாட்டன்மார் காலத்தில் இக்கேள்வியைக் கேட்டிருந்தால் காய்ச்சல், வயிற்றுக்கடுப்பு, சோகை என்று விடை வந்திருக்கும். இன்று கேட்டால் இனிப்புநீர், இரத்தக் கொதிப்பு, மாரடைப்பு, சிறுநீரகப் பழுது என்று விடை வருகிறது. ஒரு நூற்றாண்டுக்குள் சாவின் பெயர் மாறிவிட்டது. ஆனால் தோட்டத்தில் வைத்தியம் என்று நடப்பது பெரும்பாலும் பழைய சாவை மனத்தில் வைத்து ஏற்பட்டதாகவே இருக்கிறது. காய்ச்சலுக்கு மாத்திரை, வெட்டுக் காயத்துக்குக் கட்டு, மிஞ்சினால் வண்டியில் ஏற்றிச் சிரம்பான் ஆஸ்பத்திரி. இந்தப் பொருத்தமின்மையைப் பற்றியே இத் தலையங்கம். நிர்வாகத்தாரும் அரசாங்கத்தாரும் இதைப் படிக்கவேண்டும். அவர்களைவிட நம் கிளைத் தலைவர்களும் கிராணிமாரும் அவசியம் படிக்கவேண்டும்.

பழைய கணக்கை முதலில் பார்ப்போம். 1901ஆம் ஆண்டில் மால்கம் வாட்சன் என்ற டாக்டர் கிள்ளானுக்கு வந்து சேர்ந்தபோது அவ்வூரே காய்ச்சலில் விழுந்து கிடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் திறந்த சுவெட்டன்காம் துறைமுகத்தில் வேலையாட்கள் கூட்டங்கூட்டமாகப் படுத்தார்கள். துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று யோசிக்கும்படி ஆயிற்று. மலேரியாவைப் பரப்புவது கொசு என்று ரொனால்டு ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கண்டறிந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. வாட்சன் அந்த அறிவைக் கொண்டு வாய்க்கால் வெட்டினார், சதுப்பை வடித்தார், காட்டை ஒதுக்கினார். மறு ஆண்டே கிள்ளானிலும் துறைமுகத்திலும் சாவு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது.

ஆனால் கிள்ளானில் பலித்த மருந்து மேட்டு நிலத்தில் பலிக்கவில்லை. சமவெளியில் காய்ச்சல் கொசு நிழலான சதுப்பில் வாழ்வது. காட்டை வெட்டி வெயிலை உள்ளே விட்டால் அது போய்விடும். மேட்டு நிலத்துக் கொசுவோ வேறு ஜாதி. மாக்குலாட்டஸ் என்று பெயர். வெயில் படும் தெளிந்த ஓடைநீரில்தான் அது முட்டையிடும். ஆகவே நெகிரி செம்பிலான் போன்ற மேட்டுப் பகுதிகளில் காட்டை அழித்து ரப்பர் போட்டபோது, பள்ளத்தாக்கு ஓடைகளில் வெயில் விழுந்து கொசு முன்னைவிடப் பெருகியது. காட்டை வெட்டியவனே முதலில் படுத்தான். 1911ஆம் ஆண்டில் கூட்டரசு மலாய் மாநிலத் தோட்டங்களில் ஆயிரம் தொழிலாளருக்கு 60க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இது முழுப் பகுதிக்குமான சராசரி. புதிதாகத் திறந்த மேட்டுத் தோட்டங்கள் சிலவற்றில் நிலைமை இதனினும் பன்மடங்கு கொடியது. நாகப்பட்டினத்தில் ஒன்றாய்க் கப்பலேறிய கூட்டத்தில் யார் திரும்பி ஊர் போனார்கள், யார் லயத்துப் பின்புறம் புதைந்தார்கள் என்று எழுதி வைக்க அன்று சங்கமும் இல்லை, பத்திரிகையும் இல்லை.

அந்த 1911ஆம் ஆண்டில்தான் தோட்டத் தொழிலாளர் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டமும் மலேரியா ஆலோசனைக் குழுவும் வந்தன. பெரட்டுக் களத்தில் வரிசையாக நிறுத்திக் கொயினாக் கொடுத்தார்கள். ஓடையில் எண்ணெய் தெளித்தார்கள். நிலத்தடிக் குழாய் பதித்து ஊற்றுநீரை வெயிலுக்குக் காட்டாமல் வடித்தார்கள். வெள்ளைக்காரத் துரைமாருக்குத் திடீரென்று மனம் இளகிவிட்டது என்று நாம் நம்பவில்லை. கப்பற்கூலியும் முன்பணமும் போட்டு அழைத்து வந்த ஆள் ஆறு மாதத்தில் செத்தால் நட்டம் யாருக்கு என்று கணக்குப் பார்த்தார்கள் என்பதே எம் எண்ணம். எப்படியாயினும் வேலை நடந்தது. நோய் எங்கிருந்து வருகிறதோ அங்கே போய் அதைத் தடுப்பது என்ற முறை நம் தோட்டங்களில்தான் பழுத்தது என்பதை உலக வைத்திய சரித்திரமே ஒப்புக்கொள்கிறது.

கொக்கிப்புழுவின் கதையும் இப்படித்தான். 1915 முதல் 1917 வரை ராக்கபெல்லர் நிறுவனத்தின் மருத்துவக் குழு ஒன்று மலாயா, ஜாவா, பிஜித் தோட்டங்களைச் சுற்றி ஆராய்ந்தது. மலம் கழித்த மண்ணில் வெறுங்காலோடு நடப்பவன் பாதத்தின் வழியே புழு உள்ளே போகிறது, குடலில் தங்கி இரத்தம் குடிக்கிறது, ஆள் வெளுத்துப்போகிறான். “கூலி சோம்பேறி” என்று கங்காணி திட்டியபோதெல்லாம் அந்தக் கூலியின் உடம்பில் பாதி இரத்தம் இல்லை. கக்கூசும் செருப்பும் தீர்த்த நோய் அது. அந்தக் கால்களைப் பற்றி மறுபடியும் பேசவேண்டி வரும்.

இனி, அரிசியைப் பற்றிச் சொல்லவேண்டும். இது நம் மாநிலத்துக்கே உரிய பெருமை, நம்மில் பலர் அறியாதது.

முன்பு இந்நாட்டில் பெரிபெரி என்னும் நோய் ஈயச் சுரங்கத்துச் சீனத் தொழிலாளரை ஆயிரக்கணக்கில் கொன்றது. கால் வீங்கும், நடை தளரும், இருதயம் நின்றுபோகும். நெகிரி செம்பிலான் மாநில டாக்டராய் இருந்த பிராடன் என்பவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஒரே ஊரில், ஒரே வெயிலில், அதே கஷ்டத்தில் வாழும் தமிழருக்கு இந்நோய் வருவதில்லை. ஏன்? சீனர் தின்றது சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசி. தமிழர் தின்றது புழுங்கலரிசி. 1907இல் அவர் இதைப் புத்தகமாகவே எழுதி வெளியிட்டார். பழைய பச்சரிசியில் ஏதோ விஷம் சேர்கிறது என்று அவர் காரணம் கூறினார், அது சரியன்று. ஆனால் கண்டது சரி. அதே ஆண்டில் பிரேசர், ஸ்டான்டன் என்ற இரு டாக்டர்கள் நம் ஜெலுபு மாவட்டத்தின் டுரியான் திப்புஸ் காட்டில், ரோடு போட வந்த 300 ஜாவானியத் தொழிலாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மற்றொன்றுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார்கள். பச்சரிசிப் பிரிவில் பெரிபெரி வந்தது. அரிசியை மாற்றியதும் நின்றது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. தஞ்சாவூரிலும் திருச்சியிலும் நம் பாட்டிமார் எந்தப் புத்தகமும் படியாமல் செய்து வந்த காரியம், ஜெலுபுக் காட்டில் விஞ்ஞானமாயிற்று.

அதே தமிழனின் பேரன் இன்று எந்த அரிசி சாப்பிடுகிறான்? கடையில் வெள்ளை வெளேரென்று விற்கும் தீட்டிய பச்சரிசி. அதுவும் ஒரு தட்டு மலை. இதற்குப் பிறகு வருவோம்.

யுத்தம் வந்தது. ஜப்பானியர் நம் ஆட்களைச் சயாம் ரயில் பாதைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மாண்டவரின் சரியான தொகையை இன்றுவரை ஒருவரும் எண்ணி முடிக்கவில்லை. யுத்தத்துக்குப் பின் மாத்திரைகளும் ஊசிகளும் புதிது புதிதாக வந்தன. புதர்களில் வாழும் சிறு பூச்சியின் கடியால் வரும் டைபஸ் காய்ச்சல் செம்பனைத் தோட்டங்களில் ஆட்களைக் கொன்று வந்தது. அதற்கு மருந்துண்டு என்று 1948இல் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில்தான் சோதித்துக் காட்டினார்கள். 1954இல் தனித்தனிச் சங்கங்கள் ஒன்றாகித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. சுதந்திரம் வந்த 1957இல் இந்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 75 குழந்தைகள் ஓராண்டு முடியுமுன்பே மடிந்தன. இன்று அது ஒற்றை இலக்கம். 1966இல் வந்த குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டம் லயத்துக்குக் குழாய்நீரும் கழிப்பிடமும் கட்டாயம் என்றது. 1967இல் மலேரியா ஒழிப்பு இயக்கம் தொடங்கி வீடு வீடாக டிடிடி அடித்தார்கள். 2018 முதல் மனிதனிடமிருந்து மனிதனுக்குக் கொசு பரப்பும் பழைய மலேரியா இந்நாட்டுக்குள் தொற்றவில்லை என்று சுகாதார அமைச்சின் கணக்குச் சொல்கிறது. கொயினா தின்ற தலைமுறைக்கு இது கனவிலும் எட்டாத செய்தி.

இவற்றில் ஒரு குறையைச் சொல்லாமல் விட்டால் சரித்திரம் பொய்யாகும். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அரசாங்கம் நாடெங்கும் கிராமச் சுகாதார நிலையங்களைக் கட்டியபோது தோட்டங்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. தோட்டம் தனியார் நிலம், அதிலுள்ள தொழிலாளரின் நலம் நிர்வாகத்தின் பொறுப்பு என்று சொல்லி ஒதுக்கினார்கள். கம்பத்துத் தாய்க்கு மிதிவண்டியில் மருத்துவச்சி வந்தாள். லயத்துத் தாய்க்கு டிரஸ்ஸர் ஒருவரே டாக்டர், கம்பவுண்டர், மருத்துவச்சி எல்லாம். அந்தப் பிரிவினையின் வடு இன்னமும் ஆறவில்லை.

இப்போது புதிய கணக்கு. 1960இல் வெளிவந்த பழைய மருத்துவ அறிக்கையில் இந்நாட்டில் இனிப்புநீர் உள்ளவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 1986இல் முதல் தேசியச் சுகாதார ஆய்வு நடந்தபோது 35 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 6.3 பேர். பிறகு 18 வயதுக்கு மேற்பட்டோர் அனைவரையும் சேர்த்து எண்ணியபோது 2006இல் 11.6, 2011இல் 15.2, 2019இல் 18.3. 2023இல் 15.6 என்று சற்று இறங்கியிருக்கிறது. அப்போதும் பெரியவர் ஆறு பேரில் ஒருவர். இது எல்லா இனத்தாரும் சேர்ந்த சராசரி. 2019ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியரை மட்டும் பிரித்துப் பார்த்தால் ஏறக்குறைய பத்தில் மூவர். வேறெந்த இனத்துக்கும் இவ்வளவு இல்லை. மேலும் ஒன்று: நோய் உள்ளவர்களில் பாதிப் பேருக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரியாது என்று அதே ஆய்வு கண்டது. இரத்தக் கொதிப்போ பத்தில் மூன்று பேருக்கு.

காய்ச்சல் வந்தால் தெரியும். உடம்பு நடுங்கும், ஆள் படுப்பான், பெரட்டுக்கு வராதவன் யார் என்று கிராணி புத்தகத்தில் குறிப்பார். இனிப்புநீர் அப்படி வருவதில்லை. பத்து வருஷம் சத்தம் போடாமல் குடியிருந்துவிட்டுக் கண்ணையோ காலையோ சிறுநீரகத்தையோ எடுத்துக்கொண்டு போகிறது. ஆகையால் பெரட்டுப் புத்தகம் இந்த நோயைக் காட்டிக்கொடுக்காது.

ஏன் நம்மவரை இது அதிகமாகப் பிடிக்கிறது? சாராயம், சோம்பல், நாக்கு ருசி என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். விடியுமுன் எழுந்து, மேடும் பள்ளமுமாய் ஐந்நூறு அறுநூறு மரத்துக்கு நடந்து, பால்வாளி சுமப்பவனைப் பார்த்துச் சோம்பல் என்று சொல்பவர் ஒருநாள் அந்த வெட்டுக்குப் போய்ப் பார்க்கட்டும். காரணம் ஆழமானது. புனே நகருக்கு அருகேயுள்ள கிராமங்களில் 1993 முதல் நடந்துவரும் ஆராய்ச்சியில், இந்தியத் தாய்மார் பெறும் குழந்தைகள் எடை குறைவாகவும் மெலிந்தும் இருந்தாலும், தசை குறைந்து கொழுப்பு மட்டும் குறையாமல் பிறப்பதைக் கண்டார்கள். வயிற்றில் இருக்கும்போதே பட்டினிக்குப் பழகிய உடம்பு, பின்னால் வயிறாரச் சாப்பாடு கிடைக்கும்போது அதைத் தாங்க முடியாமல் இனிப்புநீருக்கு ஆளாகிறது என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். அப்படியானால் பஞ்சத்தில் கப்பலேறிய கொள்ளுப்பாட்டியும், மரவள்ளிக் கிழங்கு தின்று யுத்தத்தைக் கடந்த பாட்டியும் விட்டுப்போன சொத்தில் இதுவும் ஒரு பங்கு. பேரனைத் திட்டிப் பயனில்லை.

அதோடு வாழ்க்கை மாறியது. செண்டாயானைச் சுற்றிப் பாருங்கள். ரப்பரும் செம்பனையும் நின்ற நிலத்தில் இன்று அடுக்கடுக்காய் வீடுகள், கடைத்தெரு, தொழிற்பேட்டை, ஆகாயப்படைத் தளம். தோட்டம் விற்கப்பட்டு வெளியேறிய குடும்பத்தின் பிள்ளை தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கிறான், அல்லது காவலாளியாக உட்கார்ந்திருக்கிறான். லயத்துப் பின்னால் இருந்த முருங்கையும் கீரைப்பாத்தியும் கோழிக்கூடும் அடுக்குமாடிக்கு வரவில்லை. டின்பால் கரைத்த தேத்தண்ணீர் மூன்று வேளை, பாட்டில் சர்பத், ரொட்டிச் சானாய், வெள்ளைச் சோறு. இவைதாம் மலிவு. 2019 ஜூலையில் அரசாங்கம் இனிப்புப் பானத்துக்கு லிட்டருக்கு 40 சென் வரி போட்டது. நல்ல காரியம், நாம் வரவேற்கிறோம். ஆனால் மீனும் காய்கறியும் விலை ஏறிக்கொண்டே போக, சீனியும் அரிசியும் மாவும் மட்டும் கைக்கு எட்டும் விலையில் கிடக்கும்போது, ஏழையின் தட்டில் எது நிறையும்? சம்பளப் பேச்சுவார்த்தையில் இனிமேல் இதையும் எடுத்து வைக்கவேண்டும். 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளத்தில் நான்கு பேர் குடும்பம் என்ன காய் வாங்கும் என்று மேசைக்கு எதிரே இருப்பவர்கள் ஒருமுறை சந்தைக்குப் போய்ப் பார்க்கட்டும். புழுங்கலரிசிக்கு மாறினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. சோறு சோறுதான், அளவு அளவுதான். என்றாலும் பாட்டியின் அரிசியை விட்டு, பாட்டியின் கீரையையும் விட்டு, பாட்டியின் பட்டினியை மட்டும் உடம்பில் வைத்துக்கொண்டது நமக்கு நேர்ந்த நட்டம்.

பால்வெட்டுத் தொழிலாளிக்கென்றே ஒரு தனிச் சங்கடம் உண்டு. பால் விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் நன்றாக வடியும். வெயில் ஏறினால் சுருங்கிவிடும். ஆகவே ஆள் இருட்டிலேயே நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு புறப்படவேண்டும். அரசாங்கச் சுகாதார நிலையத்தில் ஒரு ரிங்கிட்டுக்குப் பார்க்கலாம், உண்மைதான். ஆனால் வெறும் வயிற்றில் இரத்தச் சோதனைக்குக் காலை எட்டு மணிக்கு வா என்கிறார்கள். எட்டு மணிக்கு அவன் பாதி மரத்தில் நிற்கிறான். சோதனைக்குப் போனால் அன்றைய வெட்டுப் போயிற்று, சம்பளம் போயிற்று. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சேவைக் காலத்துக்கேற்ப ஆண்டுக்கு 14, 18, 22 நாள் மருத்துவ விடுப்பும், ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாளும் தருகிறது. ஆனால் அது படுத்தவனுக்கு. நடமாடிக்கொண்டு சோதனைக்கு மட்டும் வருகிறவனுக்கு, இத்தனை மணிக்கு வந்தான், இத்தனை மணிக்குப் போனான் என்ற நேரச் சீட்டுத்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. அந்தச் சீட்டுக்கு நிர்வாகம் நாட்கூலி கொடுப்பதில்லை. படுத்தால் சம்பளம் உண்டு, படுக்காமல் காத்துக்கொள்ளப் போனால் சம்பளம் இல்லை என்பது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்றும் சொல்லவேண்டும். இனிப்புநீர் மாத்திரை அல்லது ஊசி போட்டுக்கொண்டு, வெறும் தேத்தண்ணீரோடு வெட்டுக்குப் போகிறவன் ஏழு எட்டு மணிக்கெல்லாம் இரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயங்கி விழக்கூடும். தனி நிரையில் விழுந்தால் யார் பார்ப்பது? வியர்வை கொட்டிக் கை நடுங்கினால் உடனே வாயில் போட ஒரு பொட்டலம் சீனி இடுப்பில் இருக்கட்டும். பக்கத்து நிரைக்காரருக்கும் விஷயம் தெரிந்திருக்கட்டும். மாத்திரை எந்த நேரத்தில் போடவேண்டும் என்று டாக்டரிடம் நம் வேலை நேரத்தைச் சொல்லிக் கேளுங்கள். ஆபீஸ் உத்தியோகஸ்தருக்கு எழுதும் நேரத்தையே நமக்கும் எழுதிவிடுகிறார்கள்.

கால்களுக்கு வருவோம். அன்று வெறுங்காலில் கொக்கிப்புழு ஏறியது. இன்று இனிப்புநீர்க்காரனின் பாதத்தில் உணர்ச்சி மங்கிப்போகிறது. முள் குத்தினாலும், ரப்பர் பூட்ஸ் ஈரத்தில் தோல் உரிந்தாலும் தெரிவதில்லை. ஒரு வாரம் கழித்து நாற்றம் வந்த பிறகே பார்க்கிறான். பிறகு விரல், பிறகு பாதம், பிறகு முழங்கால். வெட்டுக்காரனுக்குக் கால் போனால் கையிருந்தும் தொழில் போயிற்று. இரவில் படுக்குமுன் பாதத்தை விளக்கில் பார்ப்பதற்குக் காசு செலவில்லை. கண்ணுக்குத் தெரியாத அடிப்பாதத்தை வீட்டுக்காரி பார்க்கட்டும், அல்லது கண்ணாடி பார்க்கட்டும்.

சிறுநீரகம் பழுதானால் வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்கவேண்டும். இந்நாட்டில் இவ்வாறு கிடப்பவர் 50,000 பேருக்கு மேல் ஆகிவிட்டார்கள். புதிதாகச் சேருபவரில் பாதிக்கு மேற்பட்டோரை அங்கே கொண்டுபோய் விட்டது இனிப்புநீர்தான். பெர்கெசோ சந்தா கட்டியவர்களுக்கு அந்நிறுவனம் இதற்கு உதவுகிறது. கட்டாதவர் கதி? கிராணிமார்களே, ஒவ்வொரு தொழிலாளியின் பேரிலும் மாதாமாதம் சந்தா போகிறதா என்று பார்ப்பது உங்கள் பேனாவில் இருக்கிறது. விடுபட்ட ஒரு மாதம் பிற்காலத்தில் ஒரு குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்தும்.

மருந்தடிக்கும் பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதுகில் டாங்கியைக் கட்டிப் பல ஆண்டுகள் களைக்கொல்லி அடித்தவர்களில் நகம் உரிந்தவர்கள், மூக்கில் இரத்தம் வந்தவர்கள், கண் எரிச்சல் தீராதவர்கள் உண்டு. பாராகுவாட் என்னும் விஷத்தை 2002இல் அரசாங்கம் தடை செய்தது. 2006இல் முதலாளிமார் முறையீட்டுக்குப் பின் தடையைத் தளர்த்தியது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி முதல் தேதிதான். நடுவில் போன வருஷங்களை யார் கணக்கில் எழுதுவது? இந்தப் பெண்களின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் ஒருமுறையேனும் முறையாகச் சோதிக்கவேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

பழைய நோய்கள் அடியோடு போய்விட்டன என்று நினைத்துக் கதவைத் திறந்து போட்டுவிடலாகாது. 1998லும் 1999லும் நடந்ததை இப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பாப் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் பரவியது. முதலில் கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துப் புகை அடித்தார்கள், ஊசி போட்டார்கள், சாவு நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்து டாக்டர் சுவா காவ் பிங் அதைப் புதிய கிருமி என்று பிரித்துக் காட்டினார். பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதனுக்கும் வந்தது. 265 பேருக்குக் கண்டது, 105 பேர் மாண்டார்கள். நம் மாநிலத்துச் சிற்றூரின் பெயரே நிப்பா என்று அக்கிருமிக்கு நிலைத்துவிட்டது. குரங்கு மலேரியாவும் அப்படியே. 1965இல் பகாங் காட்டில் ஒரே ஒருவருக்குக் கண்ட நோய், 2004இல் சரவாக்கின் காப்பிட்டில் பலருக்கு இருப்பது தெரிந்தது; இப்போது ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோரைப் பிடிக்கிறது, சிலரைக் கொல்கிறது. காட்டோரத்தில் வேலை செய்பவரே அதன் முதல் இரை, அதாவது நாம். டெங்கிக்கோ பட்டணமும் தோட்டமும் ஒன்று. 2019இல் 1,30,101 பேர் படுத்து 182 பேர் இறந்தார்கள். சயரோகம் 2023இலும் 26,000 பேருக்கு மேல் கண்டது. இனிப்புநீர் உள்ளவனைச் சயரோகம் எளிதில் பிடிக்கும் என்பதையும் கவனிக்கவேண்டும். பழையதும் புதியதும் ஒன்றுக்கொன்று துணை போகின்றன. கோவிட் கொண்டுபோன 37,000க்கு மேற்பட்டோரிலும் இனிப்புநீர்க்காரர் ஏராளம்.

இன்று நம் நிரையில் நம்மோடு நிற்பவர்கள் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் நேப்பாளியரும். நாட்டுக்குள் வரும்போது அவர்களைச் சோதிக்கிறார்கள். சயரோகம் கண்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் இருமலை மறைக்கிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் அவர்களுக்கு வெளிநாட்டார் கட்டணம். ஒரு ரிங்கிட் சலுகை இல்லை. நூறாண்டுக்கு முன் நம் பாட்டன்மார் இருந்த இடத்தில் அவர்கள் இருக்கிறார்கள். ஒரே கொங்சியில் படுப்பவன் இருமினால் அடுத்த பாயில் இருப்பவனுக்கும் வரும். கிருமி கடவுச்சீட்டைப் பார்த்துக் கடிப்பதில்லை. ஆகவே அவர்களுக்கும் சேர்த்தே நாம் கேட்கிறோம்.

என்ன கேட்கிறோம்? அன்று கொயினாவைக் கொண்டுவந்து பெரட்டுக் களத்தில் கொடுத்தார்கள் அல்லவா? அதுபோல் சோதனையையும் வேலைத் தலத்துக்குக் கொண்டுவரவேண்டும். மூன்று மாதத்துச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் இரத்தச் சோதனைக்கு வெறும் வயிறு வேண்டியதில்லை. நடுப்பகலில் பால் நிறுக்கும் கொட்டகைக்கு ஒரு தாதியும் ஒரு பெட்டியும் வந்தால், அரை மணியில் ஒரு டிவிஷனையே பார்த்துவிடலாம்; இரத்த அழுத்தம் பார்க்கக் கைப்பட்டை ஒன்று போதும். 40 வயது கடந்தவர்களுக்குப் பெர்கெசோவும், 2019 முதல் வறியோருக்கான பெக்கா பி40 திட்டமும் இலவசச் சோதனை தருகின்றன. சீட்டு வீட்டிலிருந்தும், அதைக் கொண்டு போக ஒரு நாள் சம்பளத்தை இழக்கவேண்டும் என்பதால் போகாதவர் பலர். ஆண்டுக்கு இரண்டு நாள் சோதனைக்கென்று முழுச் சம்பளத்தோடு ஒதுக்கவேண்டும். இது மருத்துவ விடுப்பில் கழிக்கப்படலாகாது. அடுத்த கூட்டு ஒப்பந்தத்தில் இதை எழுத்தில் வாங்கவேண்டும் என்பதே எம் முதல் கோரிக்கை. நிர்வாகத்தார் செலவு என்பார்கள். 1911இல் கூட அப்படித்தான் சொன்னார்கள். ஓடையில் எண்ணெய் ஊற்றிய பிறகு ஆள் சாவது குறைந்து ஆதாயம் கண்டார்கள்.

அரசாங்கத்தாரை நாம் கேட்பது, தோட்டம் தனியார் நிலம் என்ற பழைய சாக்கை இனியேனும் கைவிடவேண்டும் என்பது. தோட்டம் விற்கப்படும்போது வீடு எங்கே, நட்டஈடு எவ்வளவு என்று பேசுகிறோம். அந்தத் தோட்டத்துக் கிளினிக்கில் எழுதி வைத்திருந்த நோயாளிகளின் ஏடு எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. இருபது வருஷம் மாத்திரை வாங்கிய மனிதர் புதிய குடியிருப்பில் முதல் நாளிலிருந்து தொடங்குகிறார், அல்லது தொடங்காமலே விட்டுவிடுகிறார். விற்பனை ஒப்பந்தத்தோடு அந்த ஏடும் அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேரவேண்டும்.

நம் கிளைகளுக்கு ஒரு வேலை. செண்டாயான், ரந்தாவ், சிலியாவ், லாபு வட்டாரங்களில் எஞ்சியிருக்கும் தோட்டங்களிலும், வெளியேறியவர்கள் குடியேறிய வீடமைப்புப் பகுதிகளிலும், வீட்டுக்கு வீடு போய்ப் பெயர் கேளாமல் எண்ணிக்கை மட்டும் எடுக்கவேண்டும்: இனிப்புநீர் உள்ளவர் எத்தனை, கொதிப்பு உள்ளவர் எத்தனை, ஒருமுறையும் சோதித்துப் பாராதவர் எத்தனை, கால் எடுத்தவர் எத்தனை, இயந்திரத்தில் இருப்பவர் எத்தனை, பெர்கெசோ சந்தா விடுபட்டவர் எத்தனை. நாட்டுச் சராசரி நம்மிடம் இருக்கிறது. நம் லயத்துக் கணக்கு யாரிடமும் இல்லை. பேச்சுவார்த்தை மேசையில் வைக்க நமக்கு அந்தத் தாள் வேண்டும். கணக்கு எழுதத் தெரிந்த கிராணி ஒருவர் ஒவ்வொரு கிளையிலும் இருக்கிறார். மாலையில் இரண்டு மணி நேரம் வீதம் ஒதுக்கினால் பத்துப் பதினைந்து நாளில் முடியும் வேலை இது.